சிவப்புப் புள்ளியை நம்பிக் கெட்ட படங்கள்: பழைய லென்ஸ், அகச்சிவப்பு, காட்டுயிர்

சென்ற வாரம் ஓர் இளைஞர் மடிக்கணினியைத் திறந்து தான் எடுத்த மான் படங்களைக் காட்டினார். பழைய 300 மி.மீ. மேனுவல் லென்ஸ், அகச்சிவப்புக்காக மாற்றியமைத்த மிரர்லெஸ் கேமரா. இலைகள் பனி பூத்தது போல வெளுத்திருந்தன, வானம் கறுத்திருந்தது. பார்த்தவுடன் மனம் அங்கேயே நின்றுவிடும் காட்சி. பெரிதாக்கினோம். மானின் கண் கலங்கிக் கிடந்தது. அதற்கு மூன்று மீட்டர் முன்னால் நின்ற புல்லின் நுனியில் இருந்த விதைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. "லென்ஸில் கோளாறு இருக்குமோ, சார்?" என்று கேட்டார்.

லென்ஸில் கோளாறு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே படத்தை எடுத்திருக்கிறேன். மானுக்குப் பதில் நீர்நாய், அவ்வளவுதான் வேறுபாடு.

மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தாமே பாடமாகிவிடும். பட்ட பிறகும் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப விழும் குழிகளை மட்டும் சொல்கிறேன்.

## ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்வது

கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்கு அப்பால் அகச்சிவப்பு. சிலிக்கான் சென்சார் சுமார் 1,100 நானோமீட்டர் வரை அதை உணரும். அலைநீளம் கூடக்கூடக் கண்ணாடி ஒளியைக் குறைவாக வளைக்கிறது. அதனால் அகச்சிவப்பு, லென்ஸிலிருந்து சற்றுத் தள்ளியே குவிகிறது. பழைய லென்ஸ்களின் தூர அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோ கோடோ 'ஆர்' என்ற எழுத்தோ இருப்பது இதற்காகத்தான். ஃபிலிம் காலத்தில் வியூஃபைண்டர் வழியே சாதாரண ஒளியில் ஃபோகஸ் செய்வார்கள். நடுக்கோட்டுக்கு நேரே நிற்கும் தூரத்தைப் படித்து, அந்த எண்ணைச் சிவப்புப் புள்ளிக்கு நேரே நகர்த்துவார்கள். அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் கரிய ஃபில்டரை மாட்டிய பிறகு படம். கண் பார்த்தது ஓர் ஒளி, ஃபிலிம் பார்த்தது வேறோர் ஒளி. இரண்டுக்கும் இடையிலான பாலம் அந்தப் புள்ளி.

மாற்றியமைத்த மிரர்லெஸ் கேமராவில் அந்தப் பாலத்துக்கு வேலையே இல்லை. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பு ஃபில்டர் உட்கார்ந்திருக்கிறது. திரையில் நீங்கள் பார்ப்பதே அகச்சிவப்பு வரைந்த படம். அங்கே கூர்மையாகத் தெரிந்தால் படமும் கூர்மைதான். அதற்குமேல் வளையத்தைத் தொட்டால் சரியாக இருப்பதைக் கெடுக்கிறீர்கள்.

நான் கெடுத்தேன். விடியுமுன்பே ஆற்றங்கரையில் வயிறு நனையப் படுத்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு, இருபது மீட்டர் தொலைவில் இருந்த பாறைமீது நான்கு நீர்நாய்கள் ஏறின. அவற்றில் ஒன்று மீனை முன்கால்கள் இரண்டாலும் பிடித்துத் தலையிலிருந்து மென்று தின்றது. திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்தேன். மீசை மயிர்களில் தொங்கிய நீர்த்துளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. என் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகு, பழைய கையேட்டில் படித்தபடி வளையத்தைச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினேன். துளிகள் கரைந்தன. திரை துல்லியமாகக் காட்டவில்லை, லென்ஸ் செய்தவர்களுக்குத் தெரியாதா என்று எண்ணிக்கொண்டு 140 படங்கள் எடுத்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. பாறைக்கு முன்னால் இருந்த நாணல் மட்டும் அத்தனை படங்களிலும் கூர்மையாக நின்றது. பிறகு பதினேழு நாள்கள் அதே கரைக்குப் போனேன். அவை அந்தப் பாறைக்கு வரவேயில்லை.

கணக்கு இதுதான். அகச்சிவப்புக்காக லென்ஸைக் குவியத் தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண்) நானூற்றில் ஒரு பங்கு முன்னே நகர்த்த வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. 300 மி.மீ. லென்ஸில் அது 0.75 மி.மீ. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் இருபது மீட்டரில் இருக்கும் விலங்கின்மேல் சரியாக அமைந்த ஃபோகஸ், அந்த முக்கால் மில்லிமீட்டரால் பதினேழு மீட்டருக்கு வந்துவிடுகிறது. அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6-இல் (எண் கூடினால் துளை சிறுக்கும்), 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல்ஃப்ரேம் சென்சாரில், கூர்மையாகத் தெரியும் பரப்பு முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. தப்பிக்க வழியே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. மாற்றியமைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் கண் பார்ப்பது சாதாரண ஒளியைத்தான்: ஃபில்டரை அடையுமுன்பே உள்ளிருக்கும் ஆடி அதைக் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே திருத்தாமல் எடுத்தால் அதே லென்ஸில் கூர்மை ஏறக்குறைய இருபத்து நான்கு மீட்டருக்குப் போய்விடும். விலங்குக்குப் பின்னால் இருக்கும் புதர் அழகாக வரும். லென்ஸின் முன்னால் கரிய ஃபில்டரைத் திருகி எடுப்பவர்கள், ஃபில்டரை மாட்டுமுன் ஃபோகஸ் செய்தாலும் இதே கதை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நான் எந்த ஒளியில் ஃபோகஸ் செய்தேன்?

"சிவப்புப் புள்ளிக்குத் திருப்புங்கள்" என்ற ஒற்றை வரியை, எந்தக் கேமராவுக்கு என்று சொல்லாமல் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இளைஞருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் இது.

புள்ளி தேவைப்படும் இடத்திலும் அதை அப்படியே நம்பக் கூடாது. அன்றைய ஃபிலிமுக்கும் ஃபில்டருக்கும் ஏற்பப் பொறித்தது அது. 590, 720, 830 நானோமீட்டர் ஃபில்டர்கள் ஒவ்வொன்றுக்கும் நகர்த்த வேண்டிய அளவு மாறும். போதாதென்று, பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தும் அடாப்டர் வேறு. நிக்கான் எஃப் வகை லென்ஸின் பின்விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. இருக்க வேண்டும், சோனி இ வகைக் கேமராவில் இருப்பது 18 மி.மீ. மீதி 28.5 மி.மீ.யை அடாப்டர் நிரப்ப வேண்டும். முடிவிலிக்கு ஃபோகஸ் எட்டாமல் போய்விடக் கூடாது என்று பெரும்பாலான அடாப்டர்களை ஒரு மயிரிழை குட்டையாகவே செய்கிறார்கள். அதனால் தூர அளவுகோலின் எண்கள் எல்லாமே சற்றுப் பிசகியிருக்கும். தொலைவில் பறவைக்கூட்டம் தெரிந்தவுடன் வளையத்தை முட்டும்வரை திருப்பிவிட்டு எடுத்த படங்கள் மங்குவதற்கு இதுவே காரணம்.

வெயிலில் இருபது மீட்டர் தள்ளி ஒரு குச்சியை நட்டு, கேமராவைத் ட்ரைபாடில் வைத்து, அகச்சிவப்பில் கூர்மை வரும் இடத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். என் லென்ஸ்களின் கழுத்தில் மெல்லிய வெள்ளை நாடா ஒட்டியிருக்கிறது. அதில் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் ஃபில்டரின் எண், அடாப்டருக்கு ஓர் அடையாளம். அடாப்டரை மாற்றினால் நாடாவையும் மாற்றிவிடுவேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒளியை ஆடிகளால் குவிக்கும் 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ்களை, பின்னணியில் வளையம் வளையமாக விழுகிறது என்று பலரும் ஒதுக்குகிறார்கள். ஆடி எல்லா அலைநீளத்தையும் ஒரே இடத்துக்குத் திருப்பும் என்பதால் அவற்றில் இந்த நகர்வு மிகமிகக் குறைவு. அகச்சிவப்புக்கு நான் விரும்பி எடுத்துச்செல்லும் நீள லென்ஸ் அதுதான்.

## நடுவில் வெளுக்கும் வட்டத்தை மென்மையான ஒளி என்று எண்ணுவது

சாதாரண ஒளியில் அருமையாக வரைகிற லென்ஸ், அகச்சிவப்பில் படத்தின் நடுவே ஒரு வெளிறிய வட்டத்தைப் போடலாம். மேற்பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தவை. உள்ளே அடித்திருக்கும் கறுப்புச் சாயமும் அகச்சிவப்புக்குக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க வட்டம் சிறுத்து, விளிம்பு தெளிந்து, கண்ணில் அறையும். விலங்கைப் பெரும்பாலும் நடுவில்தான் வைக்கிறோம். அதனால் வெளுப்பு அதன் முதுகிலேயே விழுகிறது. காலை மூட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். மென்பொருளில் அதை முழுமையாக நீக்க நான் பட்ட பாடு வீண்.

வாங்குமுன் வெற்றுச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஒவ்வோர் அப்பர்ச்சரிலும் எடுத்து, வரிசையாக வைத்துப் பாருங்கள். அடுத்தவர் தரும் நல்ல லென்ஸ் பட்டியல் போதாது: கேமராவும் ஃபில்டரும் மாறினால் விளைவும் மாறுகிறது.

## எஃப் 16 பழக்கம்

ஃபோகஸ் பிசகை மறைக்க அப்பர்ச்சரைச் சுருக்குகிறார்கள். ஆனால் துளை சிறுக்கச் சிறுக்க அதன் விளிம்பில் ஒளி சிதறிக் கூர்மை கெடும். அந்தச் சிதறல் அலைநீளத்தோடு சேர்ந்து வளரும். 850 நானோமீட்டரில் எஃப் 11, சாதாரண ஒளியில் எஃப் 16-ஐவிடச் சற்று மோசம். எஃப் 5.6, எஃப் 8 போதும்.

## ஃபோகஸ் பீக்கிங்

கூர்மையான விளிம்புகளைத் திரையில் வண்ணக் கோடாகக் காட்டும் வசதி இது. நம்பாதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள்.

## கேமராவுக்கு லென்ஸின் அளவைச் சொல்லாமல் விடுவது

பழைய லென்ஸுக்கு மின்தொடர்பு கிடையாது. சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சமன் செய்யும் கேமரா, எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டியிருக்கிறது என்பதை நீங்கள் சொன்னால்தான் அறியும். 50 என்று இருந்த எண்ணை மாற்றாமல் 300-ஐ மாட்டினால், ஆறு பங்கு அசைய வேண்டிய சென்சார் ஒரு பங்கு மட்டும் அசையும். தலைகீழாக நடந்தால் இன்னும் கேடு: சிறு நடுக்கத்தையும் அளவுக்கு மீறித் திருத்தி, கேமராவே பெரிய நடுக்கமாக்கிவிடும். ஒரு பருவம் முழுவதும் என் கைகளையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த எண்ணை மாற்றும் பக்கத்தை ஒரு பொத்தானுக்கு ஒதுக்கிவிட்டேன். லென்ஸை மாட்டிய விரல் அடுத்ததாக அங்கேதான் போகும்.

## பச்சைக்கு முன்னால் பழுப்பு விலங்கு

இலை அகச்சிவப்பில் வெளுப்பதற்கு வுட் விளைவு என்று பெயர். 1910-இல் அகச்சிவப்புப் படங்களை வெளியிட்ட ராபர்ட் வுட்டின் நினைவாக வந்தது. இலைக்குள் செல்களுக்கு இடையே இருக்கும் காற்றிடைவெளிகள் அந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. கறுப்பும் பழுப்புமான ரோமமும் அகச்சிவப்பில் நாம் நினைப்பதைவிட வெளிர்ந்துபோகிறது. நேரில் பச்சைக்கு முன்னால் எடுப்பாகத் தெரிந்த விலங்கு, படத்தில் வெளிறிய இலைகளோடு கலந்து காணாமல் போவது இதனால்தான். நீர் அகச்சிவப்பை விழுங்கிக் கறுப்பாகிவிடும். தெளிந்த வானமும் இருளும். அந்த இரண்டில் ஒன்று விலங்குக்குப் பின்னால் அமையும் இடத்தைத் தேடி உட்காருங்கள். இதைப் படித்தபின் உங்கள் பழைய படங்களை ஒருமுறை பாருங்கள், தெரியும்.

## பறக்கும் பறவையை விரலால் துரத்துவது

பழைய லென்ஸின் வளையம் நீண்ட தூரம் சுழலும். துல்லியத்துக்கு அது வரம், வேகத்துக்கு அல்ல. 300 மி.மீ., எஃப் 4, பத்து மீட்டர் என்றால் கூர்மைக்குக் கிடைப்பது சுமார் 27 செ.மீ. மீன்கொத்தி திரும்பத் திரும்ப வந்து அமரும் கிளையில் ஃபோகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். பறவை உங்கள் கூர்மைக்குள் வந்து அமரட்டும்.

இன்னொன்று: நிக்கான் வளையமும் கேனன் வளையமும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. இரண்டையும் ஒரே நாளில் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். விலங்கு தலை தூக்கும் அந்த அரை நொடியில் விரல் தவறான பக்கம் போகும்.

## பூஞ்சை பிடித்த லென்ஸை மலிவு என்று வாங்குவது

வேண்டாம்.

## லென்ஸ் குட்டையாக இருப்பதால் நெருங்கிப்போவது

இதை மட்டும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கைக்குக் கிடைப்பது 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ். அகச்சிவப்பில் ஃபோகஸ் செய்ய நேரமும் கூடுதலாக எடுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆளைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. வாயில் இரையோடு வந்த தாய்ப்பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் அமர்ந்து, வாலை ஆட்டி, உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரை அதன் வாயிலேயே இருக்கிறது, குஞ்சு பசித்திருக்கிறது. கேமராவை இறக்கி, வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள்.

200 மி.மீ. லென்ஸில் விலங்கு சிறிதாகவே வரும். வரட்டும். வெள்ளை மரங்கள் சூழ்ந்த கறுத்த குளம், அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு நாரை: என் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஒரே அகச்சிவப்புப் படம் அதுதான்.