சாரதி இல்லாத எஞ்சினோடு புகையிரத யார்டில் வேலை செய்யும் முறை

கொழும்பில் மருதானை, மாளிகாவத்தைப் பக்கம் சண்டிங் (யார்டில் எஞ்சினால் வேகன்களை நகர்த்திப் பிரித்துச் சேர்க்கும் வேலை) பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு இதுதான்: கீழே நிற்பவர் கொடியோ கைவிளக்கோ காட்டுவார், மேலே இருக்கும் சாரதி அதைப் பார்த்து எஞ்சினை நகர்த்துவார், சைகை மறைந்தால் நிறுத்திவிடுவார். கனடாவில் நெடுங்காலமாகவும், அமெரிக்காவில் 2001இல் கூட்டாட்சிப் புகையிரத நிர்வாகம் பாதுகாப்பு அறிவுறுத்தல் வெளியிட்ட பின்னர் பரவலாகவும், பல யார்டுகளில் அந்தச் சாரதி இல்லை. கீழே நிற்பவர் உடம்பில் மாட்டியிருக்கும் ரிமோட் கருவியே எஞ்சினை இயக்குகிறது. கொழும்பிலிருந்து அவ்வகை வேலைக்குப் போகிறவர்கள், தவறைக் கண்டு நிறுத்த மேலே ஒருவர் இருக்கிறார் என்ற பழைய நம்பிக்கையை முதலில் விட வேண்டும்.

வேலை தொடங்குமுன் உங்கள் கருவி எந்த எஞ்சினோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதை இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ரிமோட்டில் இயங்குவதைக் காட்டும் அட்டை கபினில் தொங்குகிறதா என்று பார்த்து, பிரேக்கையும் அவசர நிறுத்தத்தையும் சோதியுங்கள்.

அதிகம் குழப்புவது திசைதான். கருவியிலுள்ள ‘முன்’, ‘பின்’ என்பவை எஞ்சினின் முன்பக்கத்தை வைத்தே சொல்லப்படுகின்றன, நீங்கள் பார்த்து நிற்கும் பக்கத்தை வைத்து அல்ல; ஆகவே எஞ்சினுக்கு எதிர்முகமாக நிற்பவர் இயல்பாகச் செய்யும் அசைவே தவறாகிவிடும். வட அமெரிக்க எஞ்சினின் முன்முனையில் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கும். அதைக் கண்டுகொண்டு, பாதையில் எவரும் இல்லாதபோது மிகக் குறைந்த வேகத்தில் சிறிது நகர்த்தி, நினைத்த திசையில்தான் போகிறதா என்று பாருங்கள்.

வேகன்களைத் தள்ளும்போது முன்னே செல்வது எஞ்சின் அல்ல, கடைசி வேகன். அதன் முன்னால் பாதை காலியா, பொயின்ட் (தண்டவாளம் பிரியும் இடத்தில் வழியை மாற்றும் அமைப்பு) சரியா என்று யார் பார்க்கிறார் என்பதை அசைவுக்கு முன்பே பேசித் தீர்மானியுங்கள். சகா வோக்கி டோக்கியில் ‘பத்து வேகன் தூரம்’ என்றால், ஐந்து போவதற்குள் அடுத்த சொல் வராவிட்டால் நிறுத்தியாக வேண்டும். பாதையை ஒருமுறை சோதித்து ‘மூடப்பட்ட வலயம்’ என்று அறிவித்திருந்தால் ஒவ்வொரு முறையும் பார்க்கத் தேவையில்லை என்ற சலுகை உண்டு. என் கணிப்பில் இதுவே மிகவும் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் இடையில் யாரேனும் அனுமதி பெற்று உள்ளே வந்திருந்தால் பழைய சோதனைக்கு எந்த மதிப்பும் இல்லை.

ரேடியோத் தொடர்பு அறுந்தால் கருவி தானாகவே பிரேக்கைப் போடும். ஆனால் வேகன்களின் பிரேக்குக்கான காற்றுக் குழாய்கள் எஞ்சினோடு இணைக்கப்படாதிருந்தால் பிடிப்பது எஞ்சினின் பிரேக் மட்டுமே; பின்னாலுள்ள சுமை முழுவதும் அதைத் தள்ளிக்கொண்டு போகும். கருவி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் வசதியும் அதைக் கட்டியிருப்பவர் விழுந்தால்தான் உதவும்; கருவி இல்லாத சகா தண்டவாளத்தில் தடுக்கி விழுந்ததை எஞ்சின் அறியாது.

வேகன்களைத் தாமாகவே கொளுவும் தானியங்கி இணைப்புகள் இருந்தாலும் காற்றுக் குழாயை மாட்ட வேகன்களுக்கிடையே போகத்தான் வேண்டும். அதற்கு முன் பிரேக்கை முழுதாகப் போட்டு, திசைமாற்றியை நடுநிலையில் வைத்து, கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவர் வாயாலேயே ‘பாதுகாப்பு போட்டாயிற்று’ என்று கேட்டு, வேகன்களின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருங்கள். கட்டுப்பாட்டைச் சகாவிடம் மாற்றுவதும் பற்றரி மாற்றுவதும் எஞ்சின் நின்ற பிறகே.