டெக்சஸில் சின்ன ஊர்ப் பள்ளி மாவட்டம்: வீடு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸுக்குக் குடிவரும் நம்மவர்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது "ஸ்கூல் எப்படி?" என்றுதான். ஃபிரிஸ்கோ, கேட்டி மாதிரி பெரிய ஐஎஸ்டி (இன்டிபென்டென்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது பள்ளி மாவட்டம்) என்றால் பதில் சொல்ல வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் இருப்பார்கள். விலை கட்டுப்படியாகாமல் இன்னும் நாற்பது மைல் தள்ளிப் போய், மொத்தமே ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஊரில் வீடு பார்ப்பவர்களுக்குத்தான் சொல்ல ஆளில்லை. அப்படி ஓர் ஊரில் எட்டு வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் இந்தத் தவறுகளில் பாதியை நானே செய்தேன். மீதியைப் பிறகு வந்த குடும்பங்கள் செய்யப் பார்த்தேன்.

"மாவட்டம்" என்ற சொல்லிலேயே முதல் குழப்பம்

நமக்கு மாவட்டம் என்றால் கலெக்டர், அவருக்குக் கீழே முதன்மைக் கல்வி அலுவலர். இங்கே பள்ளி மாவட்டம் எதற்கும் கீழே இருக்கிற அலுவலகம் அல்ல, அது தனி அரசாங்கம். டெக்சஸில் நம் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டிகள் 254. பள்ளி மாவட்டங்களோ ஆயிரத்துக்கும் மேல். அவற்றின் எல்லை ஊர் எல்லையோடும் ஒட்டாது, கவுன்ட்டி எல்லையோடும் ஒட்டாது. பெயரில் இருக்கும் "இன்டிபென்டென்ட்" அதைத்தான் சொல்கிறது. மேயருக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை.

அதனால் விலாசத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பி வீடு வாங்கக் கூடாது. ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு ஐஎஸ்டி, எதிர்ப் பக்கம் இன்னொன்று இருக்கும். விற்பனை விளம்பரத்தில் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் கவுன்ட்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் அந்த மனையைத் தேடினால், அதற்கு வரி போடும் அமைப்புகள் வரிசையாக வரும். எந்த ஐஎஸ்டிக்கு வரி போகிறதோ, அதுதான் உங்கள் பள்ளி மாவட்டம். வீடு வாங்கியதும் அதே அலுவலகத்தில் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு, பள்ளி வரியைக் கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 1,40,000 டாலரைக் கழித்துவிடுகிறார்கள். அது தானாக வந்து சேராது, கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, யார் நடத்துகிறார்கள் என்பது. ஒரு போர்டு இருக்கும். அதில் பெரும்பாலும் ஏழு உறுப்பினர்கள், அவர்கள்தான் டிரஸ்டிகள். தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள், சம்பளம் கிடையாது. எங்கள் ஊரில் டிராக்டர் கடைக்காரர், ஒரு நர்ஸ், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் எல்லாம் இருக்கிறார்கள். மகனின் பள்ளிப் பேருந்து ஒரு மாதம் தாமதமாகவே வந்தபோது, மளிகைக் கடையில் பார்த்த டிரஸ்டி ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தனியாக எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று அப்போது நினைத்தேன், ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. போர்டு கூடி ஓட்டுப் போட்டால்தான் அதற்கு அதிகாரம். அது நேரடியாக வேலைக்கு வைத்து, கணக்குக் கேட்கும் முக்கியமான ஆள் சூப்பரின்டென்டென்ட். அன்றாட நிர்வாகம் முழுக்க அவர் கையில். பேருந்துப் பிரச்சினை என்றால் முதலில் போக்குவரத்துப் பொறுப்பாளர், அப்புறம் பிரின்சிபால், அப்புறம் சூப்பரின்டென்டென்ட். அதற்குப் பிறகுதான் போர்டு.

சிட்டிசன்ஷிப் இல்லை, ஓட்டு இல்லை, அதனால் நமக்கு அங்கே என்ன வேலை என்று நம்மவர்கள் பலர் போர்டு மீட்டிங் பக்கமே போவதில்லை. ஓட்டுத்தான் இல்லை, பேச்சு இருக்கிறது. அஜெண்டாவில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும், போர்டு அதை எடுத்துக்கொள்ளும் முன்போ எடுத்துக்கொள்ளும்போதோ மக்களைப் பேச விட வேண்டும் என்று டெக்சஸில் 2019 முதல் சட்டமே இருக்கிறது. எங்கள் ஊரில் பள்ளி நூலகத்தில்தான் கூட்டம். மடக்கு நாற்காலிகள், வாசலில் பெயர் எழுத ஒரு தாள், ஆளுக்கு மூன்று நிமிடம். பட்ஜெட் கூட்டத்துக்குக்கூட ஐந்தாறு பேர் வந்தால் அதிகம். அந்த ஐந்தாறு பேரில் ஒருவராக இருந்தால் உங்கள் குரல் கட்டாயம் கேட்கும். பெரிய ஐஎஸ்டியில் இது நடக்காது.

"வீட்டு மதிப்பு ஏறுகிறது, பள்ளிக்குப் பணம் கொட்டுகிறது"

இதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தவறு. பிராப்பர்ட்டி டாக்ஸ் பில்லில் பெரிய வரியே பள்ளி வரிதான். மதிப்பு ஏறினால் அந்தப் பணமும் ஏறும். ஆக, பள்ளி பணக்காரப் பள்ளியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு.

உண்மையில் கணக்கு வேறு மாதிரி. ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் சேர வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு சூத்திரத்தால் மாநிலம் கணக்கிடுகிறது. அந்தத் தொகையை முதலில் உள்ளூர் வரி நிரப்பும். குறைவதை மாநிலம் போடும். சூத்திரப்படி 1 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் வரியில் 60 லட்சம் வந்தால் மாநிலம் 40 லட்சம் தரும். மதிப்பு ஏறி உள்ளூர் வரி 70 லட்சமானால் மாநிலம் 30 லட்சம்தான் தரும். நம் பில் ஏறியது, பள்ளிக்குக் கிடைப்பது அதே 1 கோடி. உள்ளூர் வரி சூத்திரத் தொகையைத் தாண்டிவிட்டாலோ, மிச்சத்தை மாநிலம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இங்கே அதை "ராபின் ஹூட்" என்கிறார்கள்.

அநியாயமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இதன் பின்கதை தெரியும்வரை. சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967–68இல் எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அவ்வளவு கட்டியும் உள்ளூரிலிருந்து ஒரு பிள்ளைக்குச் சேர்ந்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான், ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 333 டாலர். அதிக வரி கட்டியவர் பிள்ளைக்குக் குறைந்த படிப்பு. எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5–4 என்று தோற்றார்கள். விடவில்லை. மாநில நீதிமன்றத்தில் எட்ஜ்வுட் மறுபடி வழக்குத் தொடுத்து, 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் ஏகமனதாகத் தீர்ப்பு வாங்கியது. அதன் தொடர்ச்சியாக 1993இல் வந்ததுதான் இந்த ராபின் ஹூட் சட்டம். நம் வரி அடுத்த ஊருக்குப் போகிறதே என்று புலம்பும் முன் அந்த 26 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் வேறு. சூத்திரத்தின் அடித்தளம் "அடிப்படைத் தொகை". ஒரு பிள்ளைக்கு 6,160 டாலர் என்று 2019இல் நிர்ணயித்தார்கள். நடுவில் விலைவாசி எவ்வளவோ ஏறியும் ஆறு வருடம் அது அசையவில்லை. 2025இல் வந்த சட்டம் கூட்டியது 55 டாலர், ஆக 6,215. அதே சட்டத்தில் ஆசிரியர் சம்பளத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியதைச் சொல்லியாக வேண்டும். 5,000 பிள்ளைகள் அல்லது அதற்குக் குறைவாக உள்ள மாவட்டங்களில், ஐந்து வருடமோ அதற்கு மேலோ அனுபவம் உள்ளவர்களுக்கு 8,000 டாலர் உயர்வு. பெரிய மாவட்டங்களில் அது 5,000தான். நல்ல டீச்சர்களைப் பக்கத்துப் பெரிய ஊர் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டிசம்பரில் ஊருக்குப் போவது

இது நம் வீட்டு விஷயம். டெக்சஸில் அந்த 6,215 டாலர் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அல்ல, வந்த பிள்ளைகளுக்கு. தினமும் குறித்த நேரத்தில், எங்கள் பள்ளியில் காலை பத்து மணிக்கு, எடுக்கும் வருகைப் பதிவின் சராசரியை வைத்துத்தான் பணம். சேர்ந்தவர்கள் 900 பேர், சராசரி வருகை 93 சதவீதம் என்றால், கணக்கில் வருவது 837 பேர். விட்டுப்போன 63 பேருக்கு, அடிப்படைத் தொகையை மட்டும் பார்த்தாலே, சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் டாலர் போச்சு. ஆனால் பேருந்தும் ஓடுகிறது, டீச்சருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

டிக்கெட் விலைக்காக விடுமுறைக்கு முன் ஒரு வாரம், பின் இரண்டு வாரம் சேர்த்து ஊருக்குப் போகிறோம். வருடத்துக்கு 170 பள்ளி நாட்கள் என்று வைத்தால், 15 நாள் லீவுக்கு ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 550 டாலர். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் போகிறேன். ஆனால் அட்டெண்டன்ஸ் அலுவலகத்தில் சொல்லாமல் போவது, பல் டாக்டரிடம் காலை பத்து மணிக்கே நேரம் வாங்குவது இரண்டையும் தவிர்க்கலாம். ஒரு பாடத்துக்கு 90 சதவீத வருகை இல்லாவிட்டால் அந்தப் பாடத்தின் கிரெடிட்டே சிக்கலாகும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

"ஸ்டேடியம் கட்டக் காசு இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா?"

கட்டடம் கட்டப் பள்ளி மாவட்டம் கடன் வாங்கலாமா என்று மக்களிடம் கேட்பதுதான் பாண்ட் தேர்தல். அது ஒவ்வொன்றிலும் இது காதில் விழும். பள்ளி வரியில் இரண்டு பை உண்டு. ஒன்று சம்பளம், மின்சாரம், டீசல் போன்ற நடைமுறைச் செலவுக்கு. இன்னொன்று கட்டடக் கடனை அடைக்க. கடன் பையிலிருந்து சம்பளம் கொடுக்கச் சட்டம் விடாது, ராபின் ஹூட்டும் அந்தப் பையைத் தொடாது. ஆகவே பாண்டைத் தோற்கடித்தால் டீச்சருக்குச் சம்பளம் கூடிவிடாது. ஓட்டுச் சீட்டில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதுவும் 2019 சட்டப்படி எல்லா பள்ளி பாண்டுக்கும் போட்டாக வேண்டிய வாசகம்தான். பெரிய ஸ்டேடியம் என்றால் தனிக் கேள்வியாகவே கேட்க வேண்டும். வகுப்பறைக்கு ஆம், ஸ்டேடியத்துக்கு இல்லை என்று பிரித்து ஓட்டுப் போடலாம்.

ஒற்றை எழுத்தை வைத்து முடிவு செய்வது

மாநிலம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை கிரேடு போடுகிறது. தேர்வில் வாங்கியது, போன வருடத்தைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்பது, இந்த இரண்டில் எது மேலோ அதற்கு 70 சதவீத எடை. பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் நிலைக்கு 30. இரண்டு ஊரும் 'பி' வாங்கியிருக்கும். ஒன்று மதிப்பெண்ணால் வாங்கியது, மற்றது முன்னேற்றத்தால் வாங்கியது.

வருடத்துக்கு வருடம் ஒப்பிடுவதும் லேசில்லை. கோவிடால் 2020, 2021இல் கிரேடு இல்லை. 2022இல் டி, எஃப் போடவில்லை. 2023இல் 'ஏ' வாங்கத் தேவையான அளவுகோலையே உயர்த்தினார்கள், வழக்கு வந்து அந்த வருடத்துக் கிரேடு 2025 ஏப்ரலில்தான் வெளியானது. 2024, 2025 கிரேடுகள் இரண்டும் 2025 ஆகஸ்டில் சேர்ந்து வந்தன. "போன வருடம் ஏ, இப்போது பி, பள்ளி கெட்டுவிட்டது" என்று சொல்பவர் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்.

சின்ன மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளை இரண்டரை சதவீதம். நான்கு பேருக்குத் தேர்வு அன்று காய்ச்சல் என்றால் பத்து சதவீதம் சரியலாம். மூன்று வருட எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

கிரேடைவிட நான் நம்புவது, மாநிலம் வருடாவருடம் வெளியிடும் செயல்திறன் அறிக்கையில் இருக்கும் ஆசிரியர் பக்கத்தை. எத்தனை பேர் விட்டுப் போனார்கள், சராசரி அனுபவம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். எங்கள் நடுநிலைப் பள்ளியில் அல்ஜீப்ராவுக்கு ஒரே ஒரு டீச்சர். மூன்று வருடத்துக்கு முன் ஜனவரியில் அவர் பெரிய ஊருக்கு மாறிப் போனார். மே மாதம்வரை மாற்று ஆள்தான். என் மகன் உட்பட இருபத்திரண்டு பிள்ளைகள் கணினித் திரையைப் பார்த்தே சமன்பாடு படித்தார்கள். மாவட்டத்தின் கிரேடு அந்த வருடமும் 'பி'தான். அந்தக் கோடைக்காலத்தில் சமையலறை மேசையில் அவனோடு உட்கார்ந்து இருபடிச் சமன்பாட்டை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். இப்போது யாராவது இந்த ஊரில் வீடு பார்க்க வந்து "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால், கணக்கு டீச்சர் யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று பிரின்சிபாலிடம் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.