ஸ்கோரை மறந்துவிட்டு எண்ணைப் படிக்காதீர்கள்: பேக்கேமன் அலசலில் நாம் செய்யும் தவறுகள்

போன கோடை விடுமுறையில் கானாடுகாத்தான் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் பெரியப்பா மகனும் ஆடிய பேக்கேமன் ஆட்டங்களை (பகடை உருட்டி, 24 கட்டங்களில் காய்களை நகர்த்தி வெளியே எடுக்கும் ஆட்டம்) அலசிக்கொண்டிருந்தோம். ஐந்து பாயின்ட் மேட்ச், அதாவது முதலில் ஐந்து பாயின்ட் எடுப்பவருக்கு வெற்றி. அண்ணன் 4, நான் 3. தொடக்கத்திலேயே எனக்கு 6-4 விழுந்தது. பின்காயை 24லிருந்து 14க்கு ஓட்டியிருந்தேன். ஆட்டத்தை அலசும் நிரலான ஜிஎன்யு பேக்கேமனில் அந்த நிலையை வைத்துப் பார்த்தால் தவறே இல்லை என்றது.

“ஸ்கோரைப் போட்டியாடா?” என்றார் அண்ணன்.

போடவில்லை. பணத்துக்கு ஆடுவதுபோல, அதாவது மேட்ச் ஸ்கோர் இல்லாமல் ஒவ்வொரு ஆட்டத்தையும் தனியாகக் கணக்கிடுவதுபோல, அலச விட்டிருந்தேன். அப்படி ஆடினால் 6-4க்கு மூன்று வழிகளும் ஏறக்குறைய சமம்: 24லிருந்து 14க்கு ஓடுவது, 24லிருந்து 18, 13லிருந்து 9 வைப்பது, 8லிருந்தும் 6லிருந்தும் ஒவ்வொரு காயை இறக்கி 2ஆம் கட்டத்தைப் பிடிப்பது. சரியான ஸ்கோரைப் போட்டதும் அந்த மூன்றாவது வழி உச்சிக்கு ஏறிவிட்டது.

காரணம் கேமன், அதாவது எதிராளி ஒரு காயைக்கூட வெளியே எடுக்காமல் தோற்பது; அதற்கு இரண்டு பாயின்ட். அது க்ராஃபோர்ட் ஆட்டம், அதாவது ஒருவர் வெற்றிக்கு ஒரு பாயின்ட் தொலைவுக்கு வந்ததும் ஆடும் முதல் ஆட்டம். அதில் க்யூபை, அதாவது ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கனசதுரத்தை, தொட முடியாது. தோற்றால் மேட்ச் போயிற்று: 0. சாதாரணமாக ஜெயித்தால் 4-4, அதாவது 50 சதவீதம். கேமன் எடுத்தால் மேட்சே என்னுடையது: 100. சாதாரண வெற்றி தரும் அதே 50ஐ கேமன் இன்னொரு முறை தருகிறது, ஆகவே கேமனின் விலை 1. பணத்துக்கு ஆடும்போது அது 0.5தான். 4-4 ஆகிவிட்டால் பூஜ்யம். கேமனுக்காகக் காயைப் பணயம் வைப்பதில் அர்த்தமே இல்லை. கேமன் சதவீதத்தைப் பார்த்து “ஆகா, 30 இருக்கே” என்று மகிழ்வதற்கு முன் இந்த விலையைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நான் வெகுநாள் செய்த தவறு. இந்த நிரல்கள் பிழையைப் பெரும்பாலும் பணத்துக்கு ஆடும் ஆட்டத்துக்குச் சமமாக்கித்தான் காட்டும். அதனால் 0.1 பாயின்ட் பிழை என்றால் எங்கும் ஒரே கனம் என்று தோன்றும். ஏழு பாயின்ட் மேட்சில் 0-0 இருக்கும்போது, க்யூப் 1இல், ஒரு பாயின்ட் என்பது மேட்ச் வெல்லும் வாய்ப்பில் 6 சதவீதத்தை ஒட்டி வரும், 0.1 பிழை அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதே 0.1ஐ 6-6இல் செய்தால் போவது 5 சதவீதம். பேரேட்டில் இரண்டும் ஒரே தொகை, பறிபோவது எட்டு மடங்கு. கற்றுக்கொள்வதற்கு முதல் எண் போதும். எங்கே தோற்றோம் என்று தேடினால், காட்டும் முறையை மேட்ச் வெல்லும் வாய்ப்புக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

க்யூபிலும் இதே கதை. வெல்லும் வாய்ப்பு 25 சதவீதம் இருந்தால் எதிராளி தரும் டபுளை (க்யூபால் இரட்டிப்பாக்குவதை) ஏற்கலாம் என்று மனப்பாடம் செய்தவர்கள், இருவருக்கும் இன்னும் 2 பாயின்ட் வேண்டிய ஸ்கோரில் மாட்டுவார்கள். அங்கே டபுளை ஏற்றால் அந்த ஆட்டமே மேட்ச்; ஏற்காமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாலும் மேட்ச் வெல்லும் வாய்ப்பு 30 சதவீதத்துக்குச் சற்று மேல் கையில் நிற்கும். அப்புறம் ஏன் 27ஐ வைத்துக்கொண்டு ஏற்க வேண்டும்?

அண்ணனுக்கு நியாயம் செய்ய வேண்டும். அன்றைய கடைசி மேட்சில் சராசரிப் பிழை அவருக்குத்தான் குறைவு, தோற்றதும் அவரே. “கட்டை எனக்கு விழல” என்றார். அதிர்ஷ்டக் கணக்கை மேட்ச் வெல்லும் வாய்ப்பில் எடுத்துப் பார்த்தோம். நன்றாக விழுந்ததும் அவருக்குத்தான். என் பிழைகள் 0-0, 1-0 பக்கம் சிதறிக் கிடந்தன. அவருடைய இரண்டே இரண்டு, இரண்டும் 4-4இல்.