கிட்டார் கழுத்து மூட்டு: தலை போகவேண்டிய பக்கம் தேய்

அப்பா நிலை, கதவு, கட்டில் செய்தவர். சட்டத்தின் நாக்கு கொட்டாப்புளி அடி வாங்காமல் குழிக்குள் இறங்கினால் அவருக்குப் பிடிக்காது. "கையால தள்ளினா போகுதுன்னா, கையால இழுத்தா வந்துரும்டா" என்பார். அந்தப் புத்தியோடுதான் என் முதல் கிட்டாரின் கழுத்தை வெட்டினேன். புறாவால் மூட்டு, அதாவது புறாவின் வால்போல் விரிந்த நாக்கு குழிக்குள் பூட்டிக்கொள்வது. கடைசி 5 மி.மீ. இறங்கவில்லை, கொட்டாப்புளியை எடுத்தேன், உடம்புக்குள் கழுத்தைத் தாங்கும் தலைக்கட்டை நார்வழியே பிளந்தது. ஒட்டிச் சரிசெய்து கம்பி மாட்டினால், 12-ஆம் ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி 5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. துணி காயப்போடலாம், வாசிக்க முடியாது.

கதவுச் சட்டத்தில் நாக்கு பிடித்தால் வேலை முடிந்தது. கிட்டாரில் கழுத்து எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் வேலையே. பிடிப்பதை இரண்டு போல்ட்டிடம் விட்டுவிடுங்கள். மார்ட்டின் கம்பெனி இன்றும் தன் உயர்வகை கிட்டார்களில் புறாவால் மூட்டே போடுகிறது; அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் பல வருடம் கம்பி இழுத்து கழுத்து முன்னால் சாய்ந்தால், 15-ஆம் ஃப்ரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, நீராவி விட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். ஒரு செட் 12-53 கம்பி (தடிமன் 0.012 முதல் 0.053 அங்குலம்) ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். சாயாமல் என்ன செய்யும்?

முதலில் கோணம். டிகிரியை மறந்துவிட்டு மி.மீ.யில் கணக்குப் போடுங்கள். என் அளவுகள்: கம்பி நீளம் 645, கழுத்து உடம்பைச் சேரும் இடம் 14-ஆம் ஃப்ரெட், அங்கிருந்து சேடில், அதாவது பிரிட்ஜ் என்ற கம்பி கட்டும் கட்டையின்மேல் கம்பி உட்காரும் துண்டு, சுமார் 287 மி.மீ. விரல்பலகை 6, ஃப்ரெட் 1, ஆக 7. அந்தப் பக்கம் பிரிட்ஜ் 9.5, மேல்பலகையின் வீக்கம் 2, ஆக 11.5. ஃப்ரெட்டுகளின் மேல் வைத்த நேர்கோல் பிரிட்ஜின் தலையை உரசவேண்டும் என்றால் 287 மி.மீ. தூரத்தில் 4.5 ஏறவேண்டும். குதிகாலின் (கழுத்து உடம்போடு சேரும் தடித்த அடிப்பகுதி) ஆழம் 90. 4.5 × 90 ÷ 287 = 1.4. அதாவது உடம்பில் உட்காரும் முகம் குதிகால் அடியில் 1.4 மி.மீ. உள்வாங்கியிருக்க வேண்டும், மேலே பூஜ்யம். அவ்வளவுதான். முதல் கிட்டாரில் இந்த ஒன்றரை மி.மீ.கூட இல்லாததைத்தான் விட்டிருந்தேன். உங்கள் பிரிட்ஜும் வீக்கமும் வேறாக இருக்கும், அளந்து போடுங்கள். இந்தக் கணக்கு, கழுத்து சேரும் பக்கம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருந்தால்தான் சரி. மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

மூட்டை வெட்டிய பிறகே கழுத்தைச் செதுக்குங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் மட்டம் பிடிக்க இடமிருக்கும். தலைக்கட்டையில் குழி 20 அகலம், 18 ஆழம். நாக்கு 19.5 அகலம், 16 நீளம். ஆமாம், தளர்வாகத்தான், அந்த அரை மி.மீ. இருந்தால்தான் பிறகு கழுத்தை இடம் வலம் திருப்ப முடியும். நாக்கு குழியின் அடியைத் தொடவே கூடாது.

நாக்கை அறுப்பதற்கு முன் போல்ட்டுக்கு வழி செய்யுங்கள். நாக்கின் முனையில் நார் நேராக நம்மைப் பார்க்கும். அதில் திருகிய இன்செர்ட் (போல்ட் ஏற உள்ளே மரை வெட்டிய உலோகக் குழல்) ஒருநாள் மரத்தூளோடு கையில் வரும். அதனால் குதிகால் அடியிலிருந்து மேல்நோக்கி, நாக்கு வரப்போகும் இடத்தின் நடுவே, 12 மி.மீ. துளை போட்டு, ஈட்டி மரத்தில் ஓர் உருளை கடைந்து ஒட்டுகிறேன். இன்செர்ட்டின் மரை அந்த உருளையின் நாரைக் குறுக்காகக் கடிக்கும். போல்ட் எம்6. தலைக்கட்டையில் அதற்கான துளை 8 மி.மீ.

நாக்கின் இரு பக்கத் தோள்களை அறுத்ததும் உளியால் உள்பக்கத்தைக் குடைந்துவிடுங்கள். ஓரமாக 4 மி.மீ. விளிம்பு மட்டும் உடம்பைத் தொட்டால் போதும். இந்த விளிம்பை நான் கன்னம் என்பேன். முழு முகமும் தொடவேண்டும் என்று நினைத்தால் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

இனிதான் நேரம் பிடிக்கும் வேலை. கழுத்தைப் போட்டு போல்ட்டை லேசாக முடுக்கி, நட்டின் (தலைப்பக்கம் கம்பி உட்காரும் துண்டு) நடுவிலிருந்து உடம்பின் வால்வரை தையல் நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஒலித்துளையின் நடுவில் போகிறதா? பிறகு நேர்கோல் வைத்து பிரிட்ஜ் உயரம். இரண்டும் முதல் தடவையே சரியாக இருந்ததாக ஒருவர் சொன்னால் நான் நம்பமாட்டேன். திருத்த ஒரே விதி: தலை எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கக் கன்னத்தைத் தேயுங்கள். தலை வலப்பக்கம் வரவேண்டுமா, வலக் கன்னம். தலை பின்னால் சாயவேண்டுமா, குதிகால் அடி.

தேய்க்க உளி வேண்டாம். 120 நம்பர் உப்புத்தாளை விரற்கடை அகலத்தில் கீறி, சொரசொரப்பு கழுத்தைப் பார்க்க, கன்னத்துக்கும் உடம்புக்கும் நடுவே வைத்து, இடக்கையால் கழுத்தை அழுத்திக்கொண்டு வெளியே இழுங்கள். இழுப்பது மட்டும்தான், திரும்பத் தள்ளக்கூடாது. அடியில் மட்டும் குறைய வேண்டுமானால் தாளை அங்கே மட்டும் செருகுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள். நான்காவது கிட்டாரில் அவசரப்பட்டு பத்து இழுப்பு இழுத்தேன். நூல் துளையின் மறுபக்கம் போய்விட்டது. தாள் கிழிந்தால் எமரி துணி. இடைவெளி கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் கார்பன் தாளைச் செருகிக் கழுத்தை அழுத்தினால், மை ஒட்டிய இடம் மேடு. 180-க்கு மாறி அதை மட்டும் தேயுங்கள்.

ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரத்தில் மேல்பலகை உப்பியிருக்கும். அன்று பார்த்த கோணம் மாசியில் இருக்காது.

கன்னத்தில் பசை போடுவதில்லை, போல்ட் மட்டும். கம்பி ஏற்றி ஒரு மாதம் கழித்து ஒலித்துளைக்குள் கையை விட்டு 5 மி.மீ. ஆலன் கீயால் இரண்டு போல்ட்டையும் ஒருமுறை பாருங்கள். கால் சுற்று இறங்கும்.