ஹைபன் எங்கே போடணும்? ஆங்கிலத்தில் பலகையும் மெனுவும் எழுதுகிறவர்களுக்கு

கன்னியாகுமரியில் தங்கும் அறை, ஈத்தாமொழியில் தேங்காய் எண்ணெய் என்று எதற்கு ஆங்கில விவரம் எழுதினாலும் கடைசிவரை நிற்கிற சந்தேகம் ஹைபன், அதாவது சொற்களை இணைக்கும் சின்னக் கோடுதான். எனக்கு அது தீர்ந்த வழி இது.

முதலில், ஒவ்வொரு அடைமொழியையும் பெயர்ச்சொல்லோடு தனியாகச் சேர்த்துப் படியுங்கள். 'பிக் வுடன் டோர்': கதவு பெரியது, மரத்தாலானது. இரண்டும் தனியே பொருந்துவதால் ஹைபன் வேண்டாம். 'ஸீ-ஃபேசிங் ரூம்' அப்படியில்லை. 'ஃபேசிங் ரூம்' என்று தனியே சொன்னால் ஒன்றும் விளங்காது, ஆகவே ஹைபன். மெனுவில் இன்னும் கவனம் தேவை. 'ஸ்மால் ஃபிஷ் கறி' என்றால் அளவு கொஞ்சம் என்றும் படிக்கலாம். நெத்திலிக் கறி என்றால் 'ஸ்மால்-ஃபிஷ் கறி'.

அடுத்தது எண். நம் ஊரில் அதிகம் தடுக்குகிற இடம் இதுதான். வள்ளுவர் சிலை 133 அடி என்றதும் '133 ஃபீட் ஸ்டாச்சூ' என்று எழுதத்தான் கை போகும். அளவு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ஒருமை, கூடவே ஹைபன்: '133-ஃபுட் ஸ்டாச்சூ'. பின்னால் போனால் பன்மை, ஹைபன் கிடையாது: 'த ஸ்டாச்சூ இஸ் 133 ஃபீட் டால்'. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 'ஹை' என்பதையும் முன்னால் கொண்டுவந்தால் இரண்டு ஹைபன்: '115-ஃபுட்-ஹை அக்வடக்ட்'. வரிசையும் முக்கியம். அளவு முன்னால், எதனால் ஆனது என்பது பின்னால்: '133-ஃபுட் ஸ்டோன் ஸ்டாச்சூ'. 'ஸ்டோன் 133-ஃபுட்' என்று வரவே வராது.

'லி'யில் முடியும் வினையடைக்குப் பின் ஹைபன் போடாதீர்கள். 'கோல்ட்-ப்ரெஸ்ட் ஆயில்', ஆனால் 'ஃப்ரெஷ்லி ப்ரெஸ்ட் ஆயில்'.

வேர்டில் அடிக்கும்போது ஹைபனின் இருபுறமும் இடம் விடாதீர்கள், விட்டால் அது நீளக் கோடாக மாறிவிடும். சந்தேகம் வந்தால் நான் பார்ப்பது மெரியம் வெப்ஸ்டர் அகராதி. செல்போனின் தானியங்கித் திருத்தத்தை இந்த விஷயத்தில் நம்பவே மாட்டேன்.

பிற்சேர்க்கை: 'ஃபேமிலி-ஃப்ரெண்ட்லி ரூம்' என்பதிலும் 'லி' இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'ஃப்ரெண்ட்லி' வினையடை இல்லை, பெயரடை. அதனால் ஹைபன் உண்டு. அப்புறம், இரண்டு கட்டில், மூன்று கட்டில் அறைகளைச் சேர்த்துச் சொல்லும்போது 'டூ- அண்ட் த்ரீ-பெட் ரூம்ஸ்'. 'டூ'வுக்குப் பின்னாலும் ஹைபன் வரும், அதற்கடுத்து ஓர் இடம் விடுங்கள்.