டென்னிஸ் கையைப் பிக்கிள்பாலுக்குப் பழக்குவது எப்படி?

காரைக்குடியில் பிக்கிள்பால் (துளைகளுள்ள பிளாஸ்டிக் பந்தைக் கெட்டி மட்டையால் வலைக்கு மேல் அடித்தாடும் ஆட்டம்) ஆடத் தனிக் கோர்ட் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரட்டையர் ஷட்டில் கோர்ட்டின் 44 அடி நீளமும் 20 அடி அகலமுமே இதற்கும் அளவு என்பதால், வலையை ஓரங்களில் 36 அங்குலத்துக்கும் நடுவில் 34 அங்குலத்துக்கும் இறக்கிக் கட்டி, ஷட்டிலின் முன்கோட்டுக்கு அரை அடி பின்னால் இருபுறமும் சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும். வலையிலிருந்து அக்கோடு வரையுள்ள 7 அடிப் பகுதிக்குக் கிச்சன் என்று பெயர்.

முதலில் சர்வீஸைப் பழகுங்கள். தலைக்கு மேலிருந்து அடிப்பதற்கு இங்கே இடமில்லை. இரண்டாம் வாய்ப்பும் கிடையாது. தொடக்கத்தில் பந்தைக் கையிலிருந்து வெறுமனே விழவிட்டு, அது தரையில் பட்டு எழுந்ததும் அடிப்பதே எளிது. பந்து குறுக்கே உள்ள கட்டத்தில் விழ வேண்டும். கிச்சன் கோட்டில் பட்டாலும் தவறுதான். சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி ஓடும் டென்னிஸ் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எதிரணி திருப்பியனுப்பும் பந்தும் தரையில் பட்ட பிறகே உங்கள் அணி அடிக்கலாம் என்பதால், பின்கோட்டிலேயே நிற்பது நல்லது.

அடுத்தது வீச்சு, டென்னிஸ்காரர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். டென்னிஸ் ராக்கெட் ஏறத்தாழ 27 அங்குலம் இருக்க, பிக்கிள்பால் மட்டையான பேடில் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பந்துக்கு இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். நரம்பில்லாத கெட்டிப் பலகையில் பந்து பட்டவுடன் கிளம்பிவிடுவதால், கையை நெடுந்தூரம் பின்னிழுப்பது நேரத்தை வீணாக்கும். சுவருக்கு ஒரு முழம் முன்னால் முதுகு காட்டி நின்று, நண்பர் மெல்லப் போடும் பந்துகளைத் திருப்பியனுப்புங்கள். பேடில் சுவரில் இடித்தால் வீச்சு நீளம் என்று பொருள். (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டு வீட்டு வளவுச் சுவரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், ஆச்சி சும்மா விடமாட்டார்.)

பிறகு கிச்சனுக்கு வாருங்கள். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத ஊரில் கிச்சனுக்குள் நுழையாதே என்று சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தடை நுழைவதற்கல்ல; அதற்குள் நின்றபடி, தரையில் படாத பந்தை அடிப்பதற்கே. வெளியில் நின்று அப்படி அடித்துவிட்டு, அந்த வேகத்தில் கோட்டை மிதித்தாலும் தவறுதான்.

எல்லாவற்றிலும் கடினமானது மூன்றாவது அடி, அதாவது எதிரணி திருப்பியனுப்பிய உங்கள் சர்வீஸுக்கு நீங்கள் கொடுக்கும் பதிலடி. எதிரணி இருவரும் கிச்சன் கோட்டில் வந்து நிற்கும்போது நீங்கள் பின்கோட்டில் இருப்பீர்கள். அங்கிருந்து ஓங்கி அடித்தால் அவர்கள் பேடிலை நீட்டியே முடித்துவிடுவார்கள். மாறாக, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து மெல்ல ஏந்தி, பந்து வலைக்கு இப்பக்கமே உச்சிக்குப் போய் இறங்கிக்கொண்டே வலையைக் கடந்து எதிர்க் கிச்சனில் விழச் செய்யுங்கள். அங்கே ஒரு துண்டை விரித்து வைத்து அதில் விழும்வரை பழகலாம். எனக்கு மற்றவற்றைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

வாலி (தரையில் படுமுன்பே பந்தை அடிப்பது) அடிக்கும் டென்னிஸ் பிடியும், எதிராளி அடிக்கும் நொடியில் கால்களை அகட்டிச் சிறிதாகத் துள்ளும் பழக்கமும் அப்படியே இருக்கட்டும். வழக்கமான ஆட்டம் 11 புள்ளிக்கு, இரண்டு வித்தியாசத்தில் முடியும். சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. பந்தின் எடை 27 கிராமுக்கும் குறைவு என்பதால் காற்று எழும்புமுன், விடியற்காலையிலேயே கோர்ட்டுக்குப் போய்விடுங்கள்.