மேப்பிள் தோட்டத்துக்கு முதல் தடவை போகிறீர்களா?

மார்ச் மாதம் கனடாவின் ஒன்ராறியோவில் பனி உருகத் தொடங்கினால், மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிப் பாணி எடுக்கும் தோட்டங்கள் சனங்களுக்குத் திறந்துவிடும். முதல் தடவை நாங்கள் போனபோது நேரே பாணி ஊற்றித் தரும் பான்கேக் வரிசையில் நின்று ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்தோம். நீங்கள் இந்த ஒழுங்கில் போங்கள்.

1. நாள் பாருங்கள்
இரவு பூச்சியத்துக்குக் கீழே, பகலில் அதற்கு மேலே நாலைந்து பாகை. அப்போதுதான் மரத்தில் சாறு ஓடும். இரவும் உறையாமல் சூடாகவே இருந்தால் சாறு பிடிக்க மரத்தில் மாட்டிய வாளிகள் காய்ந்து கிடக்கும். நுழைவுச்சீட்டை முதலே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

2. உடுப்பு
பனி உருகினால் சேறுதான். எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ், பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறை இரண்டு சோடி. அவ்வளவுதான்.

3. முதலில் மரத்தடி
சாறு எடுக்க மரத்தில் துளை போடுவார்கள்; 25 செ.மீ. விட்டமாவது இல்லாத மரத்தைத் துளைப்பதில்லை. துளை சுண்டுவிரல்கூட நுழையாத அளவு, ஆழம் ஏறக்குறைய 5 செ.மீ. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாயில்தான் சாறு போகிறது. வாளியெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் காட்டத்தான். பரவாயில்லை, மூடியைத் தூக்கிப் பாருங்கள். டொக், டொக் என்று சொட்டும். கேட்டால் ஒரு மிடறு தருவார்கள். "அப்பா, இது தண்ணிதானே?" என்றாள் மகள். சீனி 2 வீதம் அளவுதான். கருப்பநீர் (பதநீர்) குடித்து வளர்ந்த நாக்குக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் இதைக் குடிக்காமல் அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

4. காய்ச்சும் கொட்டில்
அவசரப்படாமல் நிற்கவேண்டிய இடம் இது. கூரையைத் திறந்துவிட்டிருப்பார்கள், ஆவி குபுகுபு என்று மேலே போகும். அகன்ற தட்டில் சாறு கொதித்துக்கொண்டேயிருக்கும். 40 லீற்றர் சாறு வற்றினால் 1 லீற்றர் பாணி. பனங்கட்டிக்கென்றால் கட்டிபடும்வரை காய்ச்சவேண்டும். இங்கே 104 பாகையில் நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சுகிறவரிடம் அகப்பையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை. விளிம்பில் ஒன்றுசேர்ந்து திரைச்சீலை மாதிரித் தொங்கினால் பதம் வந்துவிட்டது.

5. பனி மிட்டாய்
இன்னும் கொஞ்சம் இறுக்கிய பாணியைச் சுத்தமான பனியில் ஊற்றுவார்கள். சின்னக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறவிட்டுக் கொடுங்கள், நடுவில் சூடு இருக்கும். பல்லில் ஒட்டும், அதுதான் அதன் சுகம்.

6. போத்தல் வாங்குதல்
பொன்னிறத்திலிருந்து மிகக் கடும் நிறம் வரை நாலு வகை. பருவத் தொடக்கத்துச் சாறு வெளிர் நிறம், போகப்போகக் கறுக்கும். வெளிர் நிறம்தான் உயர்ந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்பத்துக்குக் கடும் நிறம்தான் எடுபடுகிறது. திறந்தபிறகு குளிர்ப்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

அப்புறம் பான்கேக். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்தால் வரிசை குறையும். அதுவரை தாங்க, காரில் நாலு ரோல்ஸ் கொண்டுபோங்கள்.